'கெட்'னா என்ன அர்த்தம்? மொரிஷியஸ்ல நம்ம பிள்ளைங்களும் பெத்தவங்களும் அடிக்கடி கேக்குற கேள்விகள்

மூணு எழுத்து இங்கிலீஷ் வார்த்தை, அதுக்கு எதுக்கு இவ்ளோ பெரிய விளக்கம்?

நான் சனிக்கிழமை காலைல ரோஸ் ஹில் பக்கத்துல ஒரு கோவில் மண்டபத்துல தமிழ் சொல்லிக்கொடுக்குறேன். நம்ம பிள்ளைங்க நிலைமை இந்தத் தீவுல எல்லாருக்கும் தெரியும், பாடப்புத்தகம் இங்கிலீஷ்ல இருக்கும், டீச்சர் அதை பிரெஞ்சுலேருந்து பிறந்த நம்ம தீவுப் பேச்சு மொழியான க்ரெயோல்ல விளக்குவாங்க, பேப்பரும் ரேடியோவும் பிரெஞ்சு, வீட்டுல க்ரெயோல், சனிக்கிழமை வந்தா தமிழ். ஒரு நாள் பதிமூணு வயசுப் பொண்ணு ஒருத்தி நோட்டைக் கொண்டு வந்து நீட்டினா. பக்கத்து மேல 'கெட்'னு எழுதி அடிக்கோடு போட்டு, கீழ பென்சில்ல வரிசையா தமிழ் வார்த்தைங்க: கிடை, வாங்கு, பெறு, அடை, ஆகு, போய்ச் சேரு, புரி, பிடி... மொத்தம் பதினாலு. கடைசி வரியை அழிச்சு அழிச்சு எழுதினதுல பேப்பரே ஓட்டையாயிருந்துச்சு. "மிஸ், இதுல எது சரி?"ன்னு கேட்டா. பதினாலும் சரின்னு சொல்லி அனுப்பிடலாம், ஆனா அந்த ஓட்டையைப் பார்த்ததும் மனசு கேக்கல. அன்னைக்கு ஆரம்பிச்சதுதான் இதெல்லாம். அப்புறம் அம்மா அப்பாங்களும் கேக்க ஆரம்பிச்சாங்க, கேட்ட கேள்விகளையே இங்க எழுதிருக்கேன். எழுதுற வசதிக்கு இங்கிலீஷ், பிரெஞ்சு, க்ரெயோல் எல்லாத்தையும் தமிழ் எழுத்துலயே போட்டுருக்கேன், வாய்விட்டுப் படிச்சா புரிஞ்சிடும்.

சரி, அடிப்படையில 'கெட்'டுக்கு என்னதான் அர்த்தம்?

கையை நீட்டி ஒண்ணைப் பிடிக்கிறது, பிடிச்சு நம்மகிட்ட கொண்டு வர்றது. இதுதான் வேர். மத்த அர்த்தமெல்லாம் இதுலேருந்து கிளை விட்டதுதான்.

பொருளைப் பிடிச்சா 'கிடைச்சுது, வாங்கினேன்'. இடத்தைப் பிடிச்சா 'போய்ச் சேர்ந்தேன்', அதாவது 'கெட் ஹோம்'. நம்ம ஊர்ல "ஆறு மணிக்குள்ள வீட்டைப் பிடிச்சுடணும்"னு பெரியவங்க சொல்லுவாங்களே அதேதான். ஒரு நிலையைப் போய்த் தொட்டா 'ஆயிட்டேன்', 'கெட் ஆங்க்ரி'ன்னா கோபமாயிட்டேன். இன்னொரு ஆளைப் பிடிச்சு ஒரு வேலையைச் செய்ய வச்சா அதுவும் 'கெட்'தான், மெக்கானிக்கைப் பிடிச்சு காரைச் சரி பண்ணிக்கிறது. விஷயத்தை மனசால பிடிச்சா 'ஐ கெட் இட்', புரிஞ்சுது. இந்தப் புரியிற அர்த்தம் ரொம்பப் பிந்தித்தான் வந்துச்சு, ஆனா தமிழ்க்காரங்களுக்கு இதை விளக்கவே வேணாம், "அவன் சொன்னது எனக்குப் பிடிபடல"ன்னு நாமளே சொல்றோமே.

அந்தப் பொண்ணுகிட்ட நான் சொன்னது இதுதான், பதினாலையும் மனப்பாடம் பண்ணாத, ஒவ்வொரு வாக்கியத்துலயும் 'இங்க யாரு எதைப் பிடிக்கிறாங்க'ன்னு மட்டும் கேளு.

இந்த வார்த்தை எங்கேருந்து வந்துச்சு? சுத்தமான இங்கிலீஷ்தானா?

இல்ல, இது கப்பல்ல வந்த வார்த்தை. வைக்கிங்னு சொல்றோம் பாருங்க, நார்வே டென்மார்க் பக்கத்துலேருந்து வந்த கடலோடிங்க, அவங்க 793-ல இங்கிலாந்தோட வடகிழக்குக் கரையில லிண்டிஸ்ஃபார்ன் மடத்தைத் தாக்கினாங்க, அடுத்த நூறு வருஷத்துல கொள்ளையடிக்க வந்தவங்கள்ல பல பேர் அங்கயே நிலம் பிடிச்சு குடும்பமா தங்கிட்டாங்க. அவங்க பேசின பழைய நார்ஸ் மொழியில 'கெட்டா'ன்னு ஒரு வினை, அடையிறது, பிள்ளை பெறுறது, ஊகிக்கிறதுன்னு மூணு அர்த்தம் அதுக்கு. பக்கத்து வீட்டுக்காரங்களா ரெண்டு கூட்டமும் வாழ்ந்து, பொண்ணு குடுத்து பொண்ணு எடுத்து, 1200 வாக்குல அது இங்கிலீஷ்ல 'கெட்'டா உக்காந்துடுச்சு.

இதுல அழகான விஷயம் என்னன்னா, இங்கிலீஷ்காரங்ககிட்ட அதே வார்த்தை ஏற்கனவே இருந்துச்சு. ரெண்டு மொழியும் ஒரே ஜெர்மானியக் குடும்பம், அதனால பழைய இங்கிலீஷ்லயும் 'யெட்டன்' மாதிரி ஒலிக்கிற ஒரு வடிவம் இருந்துச்சு, ஆனா அது பெரும்பாலும் தனியா வராது, முன்னாடி ஒட்டு சேர்ந்துதான் வரும். அவங்க வாயில அந்த 'க' இளகி 'ய' ஆயிட்டிருந்துச்சு, வைக்கிங் வாயில அது கெட்டியான 'க'வாவே இருந்துச்சு. கெட்டியானதுதான் ஜெயிச்சுது. 'கிவ்'வும் அப்படித்தான், பழைய இங்கிலீஷ்ல அது 'யிவ்' போல ஒலிச்ச வார்த்தை.

முட்டைக்கு சொல்ற 'எக்'கும் இதே கதை. இங்கிலாந்துக்கு அச்சுத்தொழிலைக் கொண்டுவந்த காக்ஸ்டன் 1490-ல எழுதி வச்சிருக்காரு. தேம்ஸ் ஆத்துல கப்பல்ல போன வியாபாரிங்க காத்து இல்லாம நின்னுட்டாங்க, ஒருத்தரு கரை இறங்கி ஒரு வீட்டுல 'எக்' கேட்டாரு, அந்த அம்மா எனக்கு பிரெஞ்சு தெரியாதுங்கன்னாங்க, அவருக்குக் கோபம் வந்துடுச்சு, ஏன்னா அவருக்கும் பிரெஞ்சு தெரியாது, அவர் கேட்டது இங்கிலீஷ்தான். கடைசியில இன்னொருத்தரு 'எய்ரன்'னு பழைய வார்த்தையைச் சொன்னதும்தான் அந்த அம்மாவுக்குப் புரிஞ்சுதாம். ஒரு முட்டை வாங்கக்கூட எந்த மொழின்னு பார்க்க வேண்டியிருந்த காலம் அது. நாம முட்டை, எக், திஸெஃப்னு மூணுலயும் கேட்டு வாங்குறோம் இங்க. அந்த 'திஸெஃப்'லயே ஒரு கதை இருக்கு, பிரெஞ்சுல முட்டைங்கன்னு பன்மையில சொல்ற 'தேஸ் எஃப்' ரெண்டும் சேர்ந்து ஒட்டிக்கிட்டு க்ரெயோல்ல ஒரே வார்த்தையா ஆனது.

'கெட்'டும் நம்ம 'கிட்டும்'ங்கிற சொல்லும் ஒண்ணா? தமிழ்லேருந்துதான் இங்கிலீஷுக்குப் போச்சுன்னு வாட்ஸாப்ல வந்துச்சே?

எனக்கும் வந்துச்சு, ஒரு தடவை இல்ல, நாலஞ்சு தடவை. அனுப்புறவங்க தமிழ் மேல வச்சிருக்குற பாசத்துலதான் அனுப்புறாங்க, அந்தப் பாசம் எனக்கும் இருக்கு, அதனாலதான் இதை நிதானமா சொல்றேன்: சம்பந்தம் இல்ல.

கிட்டுங்கிறது 'கிட்ட'ங்கிற சொல்லோட பிறந்தது, நெருங்கி வர்றது, பக்கத்துல வந்தா கைக்கு எட்டும், அதனால கிட்டும்னா கிடைக்கும். மலையாளத்துலயும் 'கிட்டி' இருக்கு. 'கெட்' வேற வழியில வந்துச்சு. ஒலி ஒத்துப்போறதை மட்டும் வச்சு சொந்தம் சொல்ல முடியாது, ஒரு மொழியில ஒரு எழுத்து வர்ற இடத்துல இன்னொரு மொழியில குறிப்பிட்ட எழுத்து முறையா மாறி வருதான்னு பார்க்கணும். இதை நம்ம பிள்ளைங்க தாங்களே சோதிச்சுப் பார்க்கலாம், அவங்க வாயிலயே ஆதாரம் இருக்கு.

லத்தீன்ல 'த' இருக்குற இடத்துல இங்கிலீஷ்ல 'ட' வரும். க்ரெயோல் லத்தீனோட பேத்தி மாதிரி, பிரெஞ்சு வழியா வந்தது. ரெண்டுக்கு க்ரெயோல்ல 'தே', இங்கிலீஷ்ல 'டூ'. பத்துக்கு 'தீஸ்', இங்கிலீஷ்ல 'டென்'. பல்லுக்கு 'லேதான்', இங்கிலீஷ்ல 'டூத்'. பார்த்தீங்களா, தற்செயல் இல்ல, வரிசையா வருது. அதே மாதிரி லத்தீன்ல 'ஹ' இருக்குற சில இடத்துல ஜெர்மானிய மொழிங்கள்ல 'க' வரும், 'ஹோட்டல்', 'ஹாஸ்பிட்டல்' ரெண்டுக்கும் மூலமான லத்தீன் சொல்லும் விருந்தாளிக்கு சொல்ற 'கெஸ்ட்'டும் ஒரே வேர். க்ரெயோல்ல 'லோபிதால்'னு சொல்லும்போது அந்த 'ஹ'வும் காணாமப் போயிடுது.

இப்போ இந்த ரெண்டு மாத்தத்தையும் 'கெட்' மேல போட்டுப் பாருங்க. 'க' போய் 'ஹ' வரணும், 'ட' போய் 'த' வரணும். லத்தீன்ல தேடினா 'ஹெந்த்'ங்கிற துண்டு மாட்டுது, நடுவுல ஒரு 'ன்' நுழைஞ்சிருக்கு, முன்னாடி ஒட்டு சேர்ந்து 'ப்ரெஹெந்தெரெ'. அர்த்தம் என்ன தெரியுமா? பிடிக்கிறது.

அந்த லத்தீன் வார்த்தை நமக்கு எதுக்கு?

அது உங்க வீட்டுல தினமும் பேசுற வார்த்தைன்றதுக்காகத்தான்!

'ப்ரெஹெந்தெரெ' பிரெஞ்சுல 'ப்ரான்த்ர்' ஆச்சு, அது க்ரெயோல்ல 'ப்ரான்'. எடு, பிடி. பஸ்ஸைப் பிடிக்கிறதுக்கு 'ப்ரான் பிஸ்'ஸுன்னு நாள் முழுக்க சொல்றோம். 'அப்ரான்'னா கத்துக்கிறது, 'கோம்ப்ரான்'னா புரிஞ்சுக்கிறது, 'ப்ரிஸோன்'னா ஜெயில், பிடிச்சு வைக்கிற இடம். இங்கிலீஷ் பக்கம் போனா 'காம்ப்ரிஹெண்ட்', 'அப்ரெண்டிஸ்', 'சர்ப்ரைஸ்', 'என்டர்ப்ரைஸ்', இரையைச் சொல்ற 'ப்ரே' எல்லாம் இதே வீட்டுப் பிள்ளைங்க.

அதாவது வகுப்புல ஒரு பையன் 'மோ பா கோம்ப்ரான்'னு சொன்னாலும் 'ஐ டோன்ட் கெட் இட்'னு சொன்னாலும் பல ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி பிரிஞ்சுபோன ஒரே வேரைத்தான் ரெண்டு தரமும் சொல்றான். முதல் முதலா இதை நான் படிச்சப்போ ராத்திரி தூக்கம் வரல. இங்கிலீஷ் தெரியலன்னு கூசிக்கிட்டு உக்காந்திருக்குற பிள்ளைங்ககிட்ட இதை நான் திரும்பத் திரும்ப சொல்றேன், 'கெட்'டோட கூடப்பொறந்தது உன் வாயில இருக்குப்பா, நீ சின்னப் பிள்ளையிலேருந்து அதைத்தான் பேசிட்டிருக்க.

'ஃபர்கெட்', 'கெஸ்' இதெல்லாம் 'கெட்'டோட சேர்ந்ததா?

ஆமா. 'ஃபர்'ங்கிற ஒட்டு இங்க விலகிப்போறது, இழக்குறதைக் காட்டுது, அப்போ 'ஃபர்கெட்'னா பிடியிலேருந்து நழுவவிடுறது. மனசு பிடிச்சிருந்ததை விட்டுடுச்சு, மறந்துடுச்சு. ஜெர்மன்லயும் டச்சுலயும் இதே அமைப்புல மறதிக்கு வார்த்தை இருக்கு, அதனால இது வைக்கிங் வர்றதுக்கும் முன்னாடியே இங்கிலீஷ்ல இருந்தது, 'க' ஒலி மட்டும் அப்புறம் 'கெட்'டைப் பார்த்து கெட்டியாச்சு.

'கெஸ்'ஸும் ஸ்காண்டிநேவியப் பக்கத்துலேருந்து வந்ததா இருக்கணும்னு சொல்றாங்க, எட்டாததை மனசால எட்டிப் பிடிக்கப் பார்க்குறது. விடையைப் பிடிச்சுட்டா 'கெட்', பிடிக்கப் பார்த்தா 'கெஸ்'.

பைபிள்ல 'பிகெட்', 'பிகாட்டன்'னு வருதே, அது என்ன?

இந்தக் கேள்விக்குத்தான் நான் காத்திருந்தேன், மத்ததைவிட இதுல எனக்கு சொல்ல நிறைய இருக்கு.

அந்தக் காலத்து இங்கிலீஷ்ல 'கெட்', 'பிகெட்' ரெண்டுக்குமே பிள்ளை பெறுறதுன்னு அர்த்தம் உண்டு. நார்ஸ்லயும் அந்த அர்த்தம் இருந்துச்சுன்னு மேல சொன்னேன். 1611-ல வந்த இங்கிலீஷ் பைபிள்ல ஆதியாகமம் நாலாம் அதிகாரத்துல ஏவாள் முதல் பிள்ளை காயீனைப் பெத்ததும் 'ஐ ஹாவ் காட்டன் எ மேன்'னு சொல்றா. காட்டன், கிடைச்சிருக்கான், பெத்திருக்கேன், எப்படி வேணா எடுத்துக்கலாம். இப்போ நம்ம தமிழ் பைபிளை எடுத்து அதே இடத்தைப் பாருங்க, 'ஒரு மனுஷனைப் பெற்றேன்'னு இருக்கும்.

பெறு! பரிசு பெற்றார், பட்டம் பெற்றார், பிள்ளை பெற்றாள், எல்லாத்துக்கும் ஒரே வினை. பெத்தவங்கன்னா அம்மா அப்பா. பேறுன்னா பெரிய பாக்கியம், பேறுகாலம்னா பிரசவம். திருக்குறள்ல பிள்ளைங்களைப் பத்தி ஒரு அதிகாரமே இருக்கு, அதோட முதல் குறள் 61-ஆவது, 'பெறுமவற்றுள்'னு ஆரம்பிச்சு மக்கட்பேறுல வந்து நிக்கும். ஒருத்தன் வாழ்க்கையில பெறக்கூடியதுங்கள்ல அறிவுள்ள பிள்ளைங்களைப் பெறுறதைவிடப் பெருசா நமக்கு எதுவும் தெரியலன்னு சொல்ற குறள். அந்த முழுக் குறளும் நிக்கிறது பெறுங்கிற ஒரே வினையோட ரெண்டு அர்த்தத்து மேலதான்.

ரெண்டு மொழிக்கும் சொந்தபந்தம் எதுவும் கிடையாது, ஒண்ணு திராவிடக் குடும்பம், இன்னொண்ணு இந்தோ-ஐரோப்பியக் குடும்பம். ஆனா ரெண்டு ஊர்லயும் மனுஷங்க ஒரே மாதிரி யோசிச்சிருக்காங்க, பிள்ளைங்கிறது கைக்கு வந்து சேர்ற ஒண்ணு, பெறுறது. வார்த்தையை யாரு யாருகிட்டேருந்து எடுத்தாங்கன்னு சண்டை போடுறதைவிட இது எனக்கு எவ்வளவோ பெருமையா இருக்கு.

க்ரெயோல்லயும் அதேதான், 'லி ஃபின் காஞ் என் திபேபே', அவளுக்குப் பிள்ளை பிறந்திருக்கு. அந்த 'காஞ்'சுக்கு அடுத்தாப்ல வர்றேன்.

நம்ம தீவுல இந்தப் பழைய 'கெட்' இன்னும் உயிரோட இருக்குற இடம் ஒண்ணு உண்டு, குதிரைப் பந்தயம். போர்ட் லூயி ஷாம் தெ மார்ஸ் மைதானத்துல 1812-லேருந்து பந்தயம் நடக்குது. குதிரை வளர்க்குறவங்க இங்கிலீஷ்ல ஒரு ஆண் குதிரையோட குட்டிங்களை மொத்தமா அதோட 'கெட்'னுதான் சொல்லுவாங்க, பெயர்ச்சொல்லா.

க்ரெயோல் 'காஞ்'சும் இங்கிலீஷ் 'கெட்'டும் ஒண்ணுதானே? அப்படியே மாத்தி எழுதலாமா?

பாதி தூரம் போகலாம், அதுக்கு மேல போனா கால் வழுக்கும்.

'காஞ்' பிரெஞ்சு 'காஞே'லேருந்து வந்தது, அங்க இப்போ அர்த்தம் ஜெயிக்கிறது, சம்பாதிக்கிறது. அதுக்கும் முன்னாடி ஃப்ராங்க்னு ஒரு ஜெர்மானியக் கூட்டத்தோட மொழியில இரை தேடுறது, வேட்டையாடுறதுன்னு அர்த்தம். லாபத்துக்கு சொல்ற இங்கிலீஷ் 'கெயின்'கூட பிரெஞ்சு வழியா வந்ததுதான். க்ரெயோல்ல அது விரிஞ்சு விரிஞ்சு 'கெட்' அளவுக்குப் பரவிடுச்சு. 'காஞ் பாத்தே'ன்னா அடி வாங்கினான், இங்கிலீஷ்ல 'காட் பீட்டன்'. மூணு மொழியும் அடியைக்கூட வாங்குற பொருளாத்தான் பார்க்குது. 'காஞ் த்ரவா'ன்னா அனுமதி இருக்கு. 'மோ பா தி காஞ் தோர்மி', என்னால தூங்க முடியல.

சிக்கல் எங்கன்னா, 'காஞ் பேர்', 'காஞ் ஃப்ரே', 'காஞ் ஸோ'. பயப்படுறது, குளிருறது, வெக்கையா இருக்குறது. நம்ம பிள்ளைங்க இதை அப்படியே மாத்தி 'ஐ காட் ஃபியர்', 'ஐ ஆம் கெட்டிங் கோல்ட்னெஸ்'னு எழுதிடுறாங்க, இதுல தமிழும் சேர்ந்து தள்ளிவிடுது, நாமளும் 'எனக்குப் பயம் வந்துச்சு'ன்னுதானே சொல்றோம், பயம்ங்கிற பொருள் நம்மகிட்ட வருது. இங்கிலீஷ் அப்படி யோசிக்காது. மனசோட நிலைன்னா 'கெட்'டுக்கு அப்புறம் எப்படிப்பட்டன்னு சொல்ற சொல் வரணும், 'கெட் ஸ்கேர்ட்', 'கெட் ஹங்க்ரி', 'கெட் டயர்ட்'. கடிதம், வேலை, ஜலதோஷம், ஷாக் மாதிரி எண்ணக்கூடிய ஒண்ணுன்னா பெயர்ச்சொல்லே வரலாம், 'காட் எ ஜாப்', 'காட் எ கோல்ட்'. ஜலதோஷம் ஒரு பொருள், குளிர் ஒரு நிலை. இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடிச்சுட்டா பாதித் தப்பு போயிடும்.

தமிழ்ல ஏன் ஒரே வார்த்தை இல்லாம கிடை, வாங்கு, பெறுன்னு பிரிச்சு வச்சிருக்கோம்?

நாம யாரு செஞ்சாங்கன்றதைக் கவனிக்கிற மொழி, அதனால. 'ஐ காட் எ ஜாப்'னு இங்கிலீஷ்காரர் சொல்லும்போது 'நான்'தான் முன்னாடி நிக்கும். நாம 'எனக்கு வேலை கிடைச்சுது'ன்னு சொல்றோம், இங்க வேலைதான் எழுவாய், நான் 'எனக்கு'ன்னு ஓரமா நிக்கிறேன், வந்து சேர்ந்தது அது. முயற்சி பண்ணி எடுத்தா 'வாங்கினேன்'. மரியாதையா, பெரிய விஷயமா சொல்லணும்னா 'பெற்றேன்'. எங்க பாட்டி கடைசி வரைக்கும் "எனக்கு நீங்கல்லாம் கிடைச்சீங்களே"ன்னுதான் சொல்லுவாங்க, "நான் உங்களை அடைஞ்சேன்"னு ஒரு நாளும் சொன்னதில்ல. 'கெட்'டைத் தமிழ்ல கொண்டு வரும்போது முதல்ல இதைத்தான் யோசிக்கணும், தானா வந்ததா, கேட்டு வாங்கினதா.

வாங்குக்கும் ஒரு பழைய கதை உண்டு. பழந்தமிழ்ல அது வளையிறது, வளைச்சு இழுக்குறது, 'வாங்கு வில்'னா வளைச்ச வில். இழுக்குறது மாறி தன் பக்கம் வாங்கிக்கிறதாகி, அப்புறம் காசு குடுத்து வாங்குறதாச்சு. வில்லு நாணை இழுத்த கைதான் இன்னைக்கு மார்க்கெட்ல பைசா குடுத்து பிரேட் முரும் வாங்குது, அந்த முரும்கூட நம்ம முருங்கைதான்.

'கெட்'டுக்கும் 'கெட்டுப்போச்சு'க்கும் ஏதாவது?

இல்ல. கெடு தனி வேர், ஒலி மட்டும்தான் ஒத்துப்போகுது.

'காட்'டா 'காட்டன்'னா? படத்துல 'காட்டன்'னு பேசுறாங்க, ஸ்கூல்ல தப்புங்குறாங்க.

ரெண்டும் சரி, ஊர்தான் வேற. 'காட்டன்' பழைய வடிவம், மேல சொன்ன 1611 பைபிள்லயே இருக்கு. இங்கிலாந்துல அது மெல்ல வழக்கத்துலேருந்து போயிடுச்சு, கடல் தாண்டி அமெரிக்காவுக்குப் போனவங்க கூடவே கொண்டு போய் பத்திரமா வச்சிருந்தாங்க. ஊரைவிட்டு வந்தவங்க வாயில பழசு தங்குறது நமக்குப் புதுசா என்ன. பிரிட்டன்லயே 'ஃபர்காட்டன்', 'இல்-காட்டன்'ல இன்னும் அது ஒளிஞ்சிட்டிருக்கு. இங்க நாம பிரிட்டிஷ் வழக்கத்துல பரீட்சை எழுதுறோம், அதனால 'ஹாவ் காட்'னே எழுதுங்க, ஆனா 'காட்டன்'னு சொல்ற பிள்ளையைப் படிக்காதவன்னு சொல்லாதீங்க.

கட்டுரையில 'கெட்' எழுதினா மார்க் குறையுமா? அது மட்டமான இங்கிலீஷாமே?

நான் படிக்கும்போது, எந்த ஸ்கூல்னு சொல்ல வேணாம், ஒரு கட்டுரையில ஒம்போது 'கெட்' எழுதிருந்தேன், ஒம்போதையும் சிவப்பு மையில வட்டம் போட்டு, பக்கத்துல 'லேஸி வேர்ட்'னு எழுதித் திருப்பிக் குடுத்தாங்க. கப்பல் பார்க்க கௌதான் கடற்கரைக்குப் போன கதை அது, எனக்குப் பிடிச்ச கட்டுரை. கதையைப் பத்தி ஒரு வார்த்தைகூட எழுதல, வட்டம் மட்டும்தான். வருஷக்கணக்கா அந்த வார்த்தையைத் தொடவே பயந்தேன்.

சோம்பேறி வார்த்தை இல்ல அது. இங்கிலீஷ்ல அதிகமா உழைக்கிற வார்த்தைங்கள்ல ஒண்ணு. நடந்தது என்னன்னா 1066-ல நார்மன்காரங்க இங்கிலாந்தைப் பிடிச்சதும் அரண்மனை, கோர்ட், சர்ச் எல்லாம் பிரெஞ்சும் லத்தீனும் ஆச்சு, 'அப்டெய்ன்', 'ரிசீவ்', 'அக்வையர்' மாதிரி வார்த்தைங்க அந்தப் பக்கத்துலேருந்து வந்து பெரிய மனுஷங்க வார்த்தையாச்சு, வயல்லயும் அடுப்படியிலயும் பேசின 'கெட்' சாதாரண வார்த்தையாவே தங்கிடுச்சு. அது அந்தஸ்து விஷயம், இலக்கண விஷயம் இல்ல. க்ரெயோலை மட்டமா பார்க்குறதும் இதே கண்ணாலதான்.

அதுக்காக எல்லா இடத்துலயும் போடச் சொல்லல. வேலைக்கு அப்ளிகேஷன், அறிவியல் பாடம், பரீட்சைக் கட்டுரை இங்கெல்லாம் குறிப்பான வார்த்தை இருந்தா அதைப் போடுங்க, படிக்கிறவங்களுக்கு எந்த 'கெட்'னு குழப்பம் வராது. கதையில யாராவது பேசுற இடம், நண்பருக்கு எழுதுற கடிதம், அங்க 'அப்டெய்ன்'னு எழுதினா செயற்கையா இருக்கும், தாராளமா 'கெட்' போடுங்க.

இங்கிலீஷ்காரங்க வர்றதுக்கு முன்னாடி இங்க தமிழ் இருந்துச்சா?

இருந்துச்சு. 1735-ல பிரெஞ்சு கவர்னரா வந்த லா பூர்தொன்னே காலத்துலயே பாண்டிச்சேரிப் பக்கத்துலேருந்து தமிழ்க் கைவினைஞர்களைக் கூட்டிட்டு வந்து போர்ட் லூயியைக் கட்டினாங்க, கல்தச்சரும் மரத்தச்சரும். பிரிட்டிஷ்காரங்க தீவைப் பிடிச்சது 1810-ல, கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியா ஆளுங்க பெருவாரியா வந்தது 1834-க்கு அப்புறம். அப்போ 'கெட்' இந்தக் கரைக்கு வந்து இறங்கினப்போ 'பெறு' இங்க எழுபது வருஷத்துக்கு மேல குடியிருந்துச்சு.

'கெட் அப்', 'கெட் ஓவர்', 'கெட் அலாங்'... இதையெல்லாம் எப்படி ஞாபகம் வச்சுக்கிறது?

பட்டியல் போட்டு உருப்போட வேணாம். பின்னாடி வர்ற சின்ன வார்த்தை திசையைச் சொல்லும், 'கெட்' அந்தத் திசையில போய்ச் சேர்றதைச் சொல்லும். 'அப்'னா மேல, படுக்கையிலேருந்து எழுந்திரிக்கிறது. 'அலாங்'னா கூடவே, ஒருத்தரோட ஒத்துப்போறது. 'அவே'ன்னா தூரம், தப்பிச்சுப் போறது. சிலது இதுக்கு அடங்காது, 'கெட் ரிட் ஆஃப்' மாதிரி, அதைத் தனியா கத்துக்கிட்டுத்தான் ஆகணும்.

அந்தப் பொண்ணு, நோட்டுல ஓட்டை போட்டவ, போன மாசம் வகுப்புல சின்னப் பிள்ளைங்களுக்கு 'கெட் ஓவர்' சொல்லிக்கொடுத்தா, நான் பின்னாடி உக்காந்து கேட்டுட்டிருந்தேன். மண்டபத்து ஓரத்துல இருக்குற குட்டைச் சுவரைக் காட்டி, மேல ஏறித் தாண்டி அந்தப் பக்கம் போய்ச் சேர்றதுதான்னு சொன்னா. ஒரு பொடியன், அப்போ காய்ச்சல்லேருந்து 'கெட் ஓவர்'னா காய்ச்சலு சுவரான்னு கேட்டான். ஆமான்னு சொல்லிட்டு அவ கொஞ்சம் யோசிச்சு, "நீ மூணு நாளு அந்தப் பக்கம் படுத்துக்கிட்டிருந்த, இப்போ இந்தப் பக்கம் வந்துட்ட"ன்னா.